சாமிக்கு நேர்ந்த முட்டை

முட்டையைச் சாமிக்கு நேர்ந்துவிட்டவன் கோவில்பட்டிக்குக் கிழக்கே இந்தக் கரிசல் காட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிடா நேர்ந்துவிடுவார்கள், சேவல் நேர்ந்துவிடுவார்கள். அடைக்கு வைக்கப்போகிற முட்டைகளில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, மஞ்சளைத் தொட்டு வைத்து, ‘இது உனக்கு’ என்று சொன்ன வேறு ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. விருந்தாள் யார் வந்தாலும் என் வீட்டுக்காரி காப்பியோடு இதையும் சேர்த்துத்தான் கொடுப்பாள்.

“இவிய சாமிக்கு ஆம்லேட் நேர்ந்தவிய.”

வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை என்பதைக் கேட்கிற ஆள் இல்லை.

அது ஊரடங்கு போட்டிருந்த சமயம். மகளுக்குப் பதினேழு மாதம் முடிந்திருந்தது, நடக்கவில்லை. தவழவும் இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு கையை ஊன்றித் தேய்த்துத் தேய்த்து வீடு முழுக்கப் போய்வருவாள். சிமெண்டுத் தரையில் தேய்ந்து அவளுடைய ஜட்டியெல்லாம் பின்பக்கம் சல்லடையாகிவிட்டது. அவளைவிட இரண்டு மாதம் இளைய பக்கத்து வீட்டுப் பிள்ளை டுர்ரென்று ஓடிவந்து இவள் கையில் இருக்கிற பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். இவள் அழவும் மாட்டாள். போகிற பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் சும்மாவே பயப்படுகிற ஆள். மழை வந்தால் உளுந்து அழுகுமோ என்று பயம், வராவிட்டால் முளைக்காதோ என்று பயம். பிள்ளை விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு நூலை எடுத்து அவளுடைய இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் இரண்டு காலையும் அளந்து பார்ப்பேன். காலையில் வலது கால் நீளமாக இருக்கும். சாயங்காலம் இடது கால் நீளமாக இருக்கும். கிராம நர்சம்மாவுக்குப் போன் போட்டால், “சில பிள்ளைய லேட்டாத்தான் நடக்கும் அண்ணாச்சி, பதறாதீங்க” என்றார்கள். லேட் என்றால் எதுவரைக்கும் லேட் என்று கேட்க வாய் வருவதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

குலசாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். சந்தை இல்லை, பஸ் இல்லை. எங்கள் வீட்டில் சேவலும் இல்லை. இருந்தது பெட்டை மட்டும்தான். அது அந்த வாரம் அடைக்கு உட்காரத் தயாராக இருந்தது. எதிர்வீட்டுச் சேவலின் புண்ணியத்தில் பதினொரு முட்டை. எங்கள் பக்கம் ஒரு கணக்கு உண்டு. கூர்மையான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை. அதில் இருப்பதிலேயே கூரான முட்டையாகப் பொறுக்கி, மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்து, கிழக்கே பார்த்து நின்று சொன்னேன்: “இவ நடந்துட்டான்னா இது உனக்கு.”

வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன செய்யுதீங்க?”

“நேர்ந்துவிடுதேன்.”

“முட்டையவா? அது கூமுட்டையாப் போச்சுன்னா?”

அதை நான் யோசிக்கவில்லை. இருபத்தோரு நாளும் அதுவேதான் யோசனையாக இருந்தது.

கூமுட்டை ஆகவில்லை. பொரிக்கிற அன்று பஞ்சாரக் கூடைக்குப் பக்கத்திலேயே குத்தவைத்திருந்தேன், எது எந்த முட்டையிலிருந்து வந்தது என்று மாறிப்போகக் கூடாதே. மஞ்சள் வைத்த முட்டையில் முதலில் ஒரு விரிசல், பிறகு ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு மூக்கு. ஈரத்தோடு வெளியே விழுந்ததை எடுத்துக் காலில் கறுப்புக் கயிறு கட்டினேன். நேர்ந்துவிட்டதற்கு அடையாளம். வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கயிற்றை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவேன். கால் பருத்துக்கொண்டே போகிறது, கயிறு வளராதே.

குஞ்சு பொரித்த மூன்றாவது வாரம் மகள் நடந்தாள். இப்படித்தான் நடந்தது. முற்றத்தில் குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இவள் தேய்த்துக்கொண்டே பின்னால் போனாள். தேய்த்துக்கொண்டு போனால் குஞ்சு சிக்குமா? கயிறு கட்டிய குஞ்சு கொஞ்சம் தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும். இவள் கிட்டப் போனதும் மறுபடி ஓடும். நாலைந்து தடவை ஏமாந்தவள் கோபத்தில் உரலைப் பிடித்து எழுந்து, உரலை விட்டுவிட்டு, நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் குப்புற விழுந்தாள். நான் ஓடிப்போய் அவளைத் தூக்காமல் கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். அதற்கும் வீட்டுக்காரியிடம் ஏச்சு வாங்கினேன்.

சாமி நடக்க வைத்ததா, குஞ்சு நடக்க வைத்ததா, இல்லை பதினெட்டு மாதம் ஆனதால் நடந்தாளா? அன்றைக்கு எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. சாமிதான். வாக்கைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு.

ஆனால் குஞ்சுக்குக் கொண்டை வரவில்லை. கூடப் பிறந்ததில் மூன்றுக்குத் தலையில் சிவப்பாகத் தடித்துவிட்டது. இது வழவழவென்று இருந்தது. “கொஞ்சம் லேட்டாயிருக்கும், நம்ம பிள்ளை மாதிரி” என்று சொல்லிக்கொண்டேன். ஆறாவது மாதம் ஒரு நாள் உளுந்துச் சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்து எழுந்து கொக்கரித்தது. போய்ப் பார்த்தால் முட்டை. அதுவும் நல்ல கூரான முட்டை.

எங்கள் சாமிக்குச் சேவல்தான் ஆகும். பெட்டை ஆகாது. கோயில் பூசாரி எனக்குப் பெரியப்பா மகன். நூல் மில்லில் வேலை பார்ப்பவர். கொடை என்று திருவிழா நடக்கிற இரண்டு நாள் மட்டும்தான் பூசாரி. போன் போட்டேன்.

“அதுக்கென்னலே,” என்றார். “கொடை வரட்டும். வேற சேவல் குடுத்துட்டாப் போச்சு.”

“நேர்ந்தத மாத்தலாமாண்ணே?”

“மாத்தக் கூடாது.”

“இப்பத்தான வேற குடுக்கலாம்னீக?”

“குடுக்கலாம். மாத்தக் கூடாது. வைலே போன, மெஷின் நிக்கி.”

அதோடு சரி. கொடையும் வரவில்லை. முதல் இரண்டு வருஷம் ஊரடங்கு. அதற்குப் பிறகு கோயில் சாவி யார் வீட்டில் இருப்பது என்று பங்காளிகளுக்குள் சண்டை. ஒரு பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டுப் போட்டார்கள். சாமி உள்ளே, சாவி வெளியே. வருஷம் போனது.

அந்தப் பெட்டை போட்ட முட்டைகளை என்ன செய்வது? சாமிக்கு நேர்ந்ததன் முட்டை சாமிக்குச் சேருமா, நமக்குச் சேருமா? தொடக் கூடாது என்றேன். வீட்டுக்காரி கேட்கவில்லை. மகள் தினமும் ஒன்று சாப்பிட்டாள். அவித்து, பொரித்து, சில நாள் பச்சையாகப் பாலில் அடித்து. அவள் சாப்பிடச் சாப்பிட நான் பார்த்துக்கொண்டிருப்பேன். சாமி சொத்து கன்னத்தில் சதையாகி, காலில் பலமாகி, முடியாகிச் சடை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. அவளிடமிருந்து அதை எப்படித் திருப்பி எடுத்துக் கொடுப்பது? மகளோ அந்தக் கோழியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றுவாள். அது மூன்று தடவை குஞ்சு பொரித்தது. எல்லாவற்றுக்கும் இவள் பேர் வைத்தாள். கோழி வாழ்ந்தது, இவள் வளர்ந்தாள், நான் பயந்தேன். இப்படியே ஐந்து வருஷம்.

ஐந்தாவது வருஷம் கோழி முட்டையை நிறுத்தியது. “வயசாயிட்டு” என்றாள் வீட்டுக்காரி. ஐப்பசியில் இறகெல்லாம் கொட்டி, பார்க்கப் பாவமாக, துணி துவைத்துப் போட்டது போல இருந்தது. செத்துப்போய்விடும் என்று நினைத்தேன். மனதுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சாகவில்லை. புது இறகு முளைத்தது. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

கழுத்தில் முளைத்த இறகு ஊசி ஊசியாக, செம்பு நிறத்தில் மினுங்கியது. வாலில் இரண்டு இறகு அரிவாள் மாதிரி வளைந்து தொங்கியது. கொண்டை தடித்துச் சிவந்தது. காலில், பழைய கயிறு கட்டிய தடத்துக்கு மேலே, சேவலுக்கு வருகிற முள் குத்திக்கொண்டு வந்தது. இரை கண்டால் குனிந்து தின்கிற கோழி, இப்போது நின்று நெஞ்சை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தது. ஒரு நாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது கூரை மேலிருந்து ஒரு சத்தம். எண்ணெய் போடாத அடிபம்பை யாரோ அடிப்பது போல. அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பெட்டை கழுத்தை நீட்டிக் கூவிக்கொண்டிருந்தது. பாதியில் தொண்டை உடைந்தது. மறுபடி முயற்சி பண்ணியது.

எனக்குக் குரல் உடைந்த வருஷம் ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பு. பாடத்தை எழுந்து வாசி என்றால் ஒரு வரி என் குரலிலும் ஒரு வரி எங்கள் அப்பா குரலிலும் வரும். அப்போது அறிவியலில் தவளைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால் வரும், முன்னங்கால் வரும் என்று டீச்சர் போர்டில் வரிசையாகப் படம் போட்டுக்கொண்டே வந்தார்கள். மணி அடித்துவிட்டது. “வால் எங்க போகும்? நாளைக்குச் சொல்லுதேன்” என்றார்கள். மறுநாள் நான் போகவில்லை. வீட்டில் தீப்பெட்டி ஆபீசு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றையிலிருந்து அந்த வால் எனக்கு எங்கேயும் போகாமல் அங்கனயே நிற்கிறது.

கோழி கூவியதைக் கேட்டு எதிர்வீட்டு அத்தை படியேறி வந்துவிட்டார்கள்.

“ஏய்யா, பெட்டை கூவினா வீட்டுக்கு ஆவாது. இன்னைக்கே கழுத்தத் திருகிரு.”

“அது நேர்ந்துவிட்டதுத்தை.”

“பெட்டையவா நேர்ந்துவிட்ட?”

“முட்டைய.”

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரியிடம் பேசப் போய்விட்டார்கள்.

மகள் ஒன்றாம் வகுப்புச் சீருடையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்த நேரம்.

“அப்பா, அம்மாக்கோழி அப்பாக்கோழி ஆயிட்டுப்பா” என்றாள், ஏதோ பஸ் வந்துவிட்டது என்று சொல்வது போல. அவளுக்கு அது ஒரு அதிசயமாகவே தெரியவில்லை. பல் விழுகிறது, கோழி கூவுகிறது.

அந்த மாதமே பங்காளிகள் ராசியாகிவிட்டார்கள். பங்குனியில் கொடை என்று முடிவாகிவிட்டது. சரியாக அந்த வாரத்தில்தான் மகள் சாயங்காலமானால் “காலு வலிக்குப்பா” என்று சொல்ல ஆரம்பித்தாள். முழங்காலுக்குக் கீழே, கெண்டைச் சதையில். காலையில் எழுந்தால் ஒன்றும் இல்லை, ஓடுகிறாள். சாயங்காலம் வலி. நான் தைலம் தேய்த்துவிடுவேன். வேறு இடம் கிடைக்காமல் காலிலா வலி வர வேண்டும்?

யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் குழம்பியது. அது பெட்டை என்றால் சாமிக்கு ஆகாது, பிழைத்துக்கொள்ளும். சேவல் என்றால் முட்டையிலிருந்தே அது சாமியோடது. ஐந்து வருஷம் வைத்துச் சாப்பிட்டவன் நான். அதைக் கொடுத்தால் மகள் என் முகத்தில் முழிக்க மாட்டாள். கொடுக்காவிட்டால் மகள் கால். ஆக, அது என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கோழியை ஒயர் கூடையில் வைத்துக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனேன், கால்நடை ஆஸ்பத்திரிக்கு. கிடேரி, வெள்ளாடு, ஒரு நாய் எல்லாம் வரிசையில் நின்றன. டாக்டரம்மா சின்ன வயதுதான், வடக்கு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். கோழியைத் திருப்பிப் போட்டு, வயிற்றை அமுக்கிப் பார்த்து, இறகை விரித்துப் பார்த்தார்கள். முகத்தில் சந்தோஷம்.

“புத்தகத்துல படிச்சிருக்கேன். இப்பதான் நேர்ல பாக்கறேன்.”

“இது சேவலாம்மா, பெட்டையா?”

“பெட்டைதான். கோழிக்கு இடது பக்கத்து முட்டைப் பை மட்டும்தான் வேலை செய்யும். அதுல ஏதோ கோளாறு. அது சுரக்கிறது நின்னுட்டா இறகு, கொண்டை, முள்ளு, கூவுறது எல்லாம் வந்துடும்.”

“எங்கேயிருந்தும்மா வரும்?”

“எங்கேயிருந்தும் வராது. உள்ள இருக்கறதுதான். எல்லாப் பெட்டைக்கும் சேவல் இறகு முளைக்கிற வழி உடம்புலயே இருக்கு. முட்டைப் பை அதை அடக்கி வெச்சிருக்கும். அடக்குற ஆள் போயிட்டா வெளிய வந்துடும்.”

கோழியின் கொண்டையை நான் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

“அப்போ முட்டைக்குள்ளேயே சேவல் இருந்துருக்கு?”

“அப்படி இல்ல... சரி, ஒரு வகையில அப்படியும் சொல்லலாம்.”

“அப்போ சாமியோடதுதானம்மா?”

டாக்டரம்மா கோழியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “அது நான் படிச்சதுல வராதுங்க.”

பின்னால் கிடேரிக்காரர், “அண்ணாச்சி, கோழிக்கு ஜாதகம் பாக்கீங்களா? எம்மாடு கத்துது” என்றார். நான் நகரவில்லை. மகளுடைய கால் வலியையும் கேட்டுவிட்டேன். நான் மாட்டு டாக்டர் என்று சொல்லிவிட்டு அவர்கள் சிரித்தார்கள். பிறகு, “வளர்ற பிள்ளைங்களுக்கு சாயங்காலம் வலிக்கும். ரெண்டு காலும் மாறி மாறி வலிச்சா பெரும்பாலும் அதுதான். எப்பவும் ஒரே கால்ல ஒரே இடத்துல வலிச்சா பிள்ளைங்க டாக்டர்கிட்ட காட்டிடுங்க” என்றார்கள். எந்தக் கால் என்று நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்தேன். இனி இப்படி ஒரு ஆளை எங்கே பிடிப்பது?

“அம்மா, தலைப்பிரட்டைக்கு வாலு எங்க போகும்?”

கிடேரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டரம்மா கோபப்படவில்லை.

“எங்கயும் போகாதுங்க. உதிர்றதும் இல்ல. உடம்பே அதை உள்ள இழுத்துக் கரைச்சுடும். அந்தச் சமயத்துல வாய் மாறிட்டு இருக்கும், சாப்பிட முடியாது. வால்தான் அதுக்குச் சாப்பாடு.”

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தன் வாலையே தின்று கால் வளர்க்கிறது. முப்பது வருஷமாக நின்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் தெளிவு வரவில்லை. வாலைத் தின்றது தலைப்பிரட்டையா, தவளையா?

வீட்டில் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

“ஆக, டாக்டரு பெட்டைனுட்டாவ.”

“பெட்டைதான். ஆனா உள்ள சேவலு இருந்துருக்கு.”

“ஒங்களுக்குள்ளகூடத்தான் என்னென்னமோ இருக்கு. வெளிய வரவா செய்யுது? பேசாம ஒரு விடலைச் சேவலப் பிடிச்சிக் குடுத்துட்டு வாங்க.”

விடலைச் சேவலும் பிடித்தேன். இருந்தாலும் கோழியையும் கொண்டுபோனேன். காட்டாமல் மறைத்தால் அது வேறு ஒரு குற்றம் ஆகிவிடும் என்று பயம். மகள் பைக்கில் முன்னால் உட்கார்ந்து கோழிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் அதைத் தடவிக்கொண்டே வந்தாள். வீட்டுக்காரி பின்னால், சேவலோடு. வழியெல்லாம் அறுத்த காடு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

கோயிலில் பங்காளிகள் எல்லாரும் ஐந்து வருஷப் பேச்சையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கூடையைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

“கூவுச்சுல்லா? அப்போ சேவலுதான்.”

“முட்டை போட்டுச்சே. பெட்டை.”

“ரெண்டும் செஞ்சிருக்கேலே.”

“அப்போ ரெண்டாக் கணக்கு வச்சிக்கிடுங்க. இவனுக்கு ஒரு சேவல் மிச்சம்.”

“ஏலே, சும்மா கெடங்கலே,” என்று பூசாரி அண்ணன் வந்தார். மில்லில் பார்க்கிற ஆளே இல்லை. சந்தனம் பூசி, பட்டுக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கோழியைக் கையில் வாங்கி அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டரம்மா பார்த்த அதே இடங்களைத்தான் பார்த்தார். பிறகு சொன்னார்: “நமக்கெதுக்கு வம்பு? தண்ணி தெளிச்சி அவன்ட்டயே கேட்டுருவோம்.”

எங்கள் கோயிலில் அதுதான் வழக்கம். பலி கொடுக்கிறதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. உதறாவிட்டால் வேண்டாம் என்கிறது. மூன்று தடவை ஊற்றலாம். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

கோழியைச் சாமிக்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். மகள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். செம்பிலிருந்து முதல் தண்ணீர் விழுந்தது. நனைந்த கோழி எது சும்மா இருக்கும்? உதறிவிடும் என்று எனக்குத் தெரியும். உதறக் கூடாது என்று நினைத்தேன். நினைத்த அடுத்த நொடியே, ஐயையோ, சாமிக்கு முன்னால் நின்று என்ன நினைக்கிறேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கோழி அசையவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது. இரண்டாவது தண்ணீர். கொண்டையிலிருந்து மூக்கு வழியாகச் சொட்டியது. ஒரு காலை மட்டும் மடக்கியது. மூன்றாவது தண்ணீரை அண்ணன் செம்போடு கவிழ்த்தார். முழுக்க நனைந்து, செம்பு இறகெல்லாம் ஒட்டி, உள்ளே இருந்த சின்ன உடம்பு தெரிந்தது. அது நின்ற இடத்திலேயே நின்றது.

“வேண்டாம்னுட்டான்,” என்றார் அண்ணன். “எடுத்துக்கோலே.”

விடலைச் சேவல் முதல் துளியிலேயே உதறிவிட்டது. மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லை. மகளை அந்தப் பக்கம் திருப்பி நிற்க வைத்தேன்.

கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். நியாயமாக எனக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். கோழியும் பிழைத்தது, நேர்ச்சையும் முடிந்தது. ஆனால் பைக் ஓட்டிக்கொண்டு வரும்போது வேறு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் வேண்டாம் என்றது? பெட்டை என்பதாலா? கிழடு என்பதாலா? முட்டையைத் தின்றுவிட்டோம் என்ற கோபத்தாலா? கோபத்தில் வேண்டாம் என்பதும், பெருந்தன்மையில் வேண்டாம் என்பதும் பார்க்க ஒரே மாதிரித்தானே இருக்கும்.

இரண்டு மைல் தாண்டியிருப்போம். கோயில் ரேடியோச் செட்டுப் பாட்டு இன்னும் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. “அப்பா, கோழிக்கு மூச்சு முட்டுது, கொஞ்சம் இறக்கி விடுவோம்” என்றாள் மகள். ஒரு உடைமர நிழலில் நிறுத்தினேன். கூடையைத் திறந்தாள். கோழி இறங்கி நாலு எட்டு வைத்தது. கரிசல் மண்ணில் நின்றது. பிறகு கழுத்திலிருந்து ஆரம்பித்து, முதுகு, இறக்கை, அந்த அரிவாள் வால் வரைக்கும், உடம்பு முழுவதையும் சிலுப்பி உதறியது. நிதானமாக, நீளமாக. மஞ்சள் தண்ணீர் என் வேட்டியில் புள்ளி புள்ளியாகத் தெறித்தது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு வழக்கம் தெரியும்; அங்கே நின்று எல்லாம் கேட்டவள்தானே.

“அப்பா...”

“என்னட்டி?”

“ஒண்ணுமில்லப்பா. ஈரம் அதுக்கு.”

“ஆமா, ஈரம்” என்றேன்.

வீட்டுக்காரி போனில் யாருக்கோ கோயிலில் எடுத்த போட்டோவை அனுப்பிக்கொண்டிருந்தாள். பார்த்தாளா, பார்க்காதது போல இருந்தாளா, இன்றைக்கு வரைக்கும் நான் கேட்டதில்லை. “வெயிலு கொல்லுது, ஏறுங்க” என்றாள். திரும்பிப் போவதா, போய் என்ன சொல்வது? மூன்று தடவைக்கு மேல் கேட்கக் கூடாது என்றுதான் விதி. தானாக வந்து சொன்னால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பாட்டுக் கேட்கிற தூரம் வரைக்கும் சாமி எல்லையா, இல்லை கோயில் சுவரோடு முடிந்ததா? பைக்கை உதைத்தேன். முதல் உதையில் ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்கும் பயந்தேன்.

சாயங்காலம் மகள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, “வலிக்குப்பா” என்றாள். தைலத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். வெளியே முற்றத்தில் கோழி பஞ்சாரத்துக்கு மேலே ஏறி நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டேன்.

“எந்தக் காலுட்டி வலிக்கு?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தேன். விழுந்த பல்லுக்குக் கீழே புதுப் பல்லின் ரம்பம் வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

அவள் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள்.

“நேத்து இது. இன்னைக்கு அது.”

“நாளைக்கு?”

“நாளைக்கு எப்படிப்பா இப்பமே தெரியும்?” என்று சொல்லிவிட்டு, அது என்று காட்டிய காலை என் மடியில் தூக்கி வைத்தாள்.